எங்கள் ட்ரெயிலருக்கு மாலை போட்ட கதை

1

நாங்கள் ட்ரெயிலருக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, திருகோணமலை லிங்கநகரில் இருக்கும் என் தம்பி ரவி உடனே போன் எடுத்தான்.

"அக்கா, வீட்டை வித்துப்போட்டீங்களோ? என்னட்ட மறைக்காமச் சொல்லுங்கோ."

இல்லையடா, வீடு வீடாகவே இருக்கிறது என்று சொல்லி அவனைத் தேற்ற எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. அடுத்த நாள் உட்துறைமுக வீதியில் தையற்கடை வைத்திருக்கும் என் சிநேகிதியும் அதையே கேட்டாள். "கனடாவுக்குப் போய் இவ்வளவு காலம், கடைசியில பெட்டிக்குள்ளயோடி இருக்கிறாய்?" என்றாள். இப்படி ஒவ்வொருவருக்காக விளங்கப்படுத்தி எனக்கு வாய் நோகிறது. அதுதான் எழுதிவிடுகிறேன்.

ட்ரெயிலர் என்றால் சில்லு வைத்த சின்ன வீடு. உள்ளே கட்டில், குசினி, திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு குளியலறை. தானாக ஓடாது. பிக்கப் வாகனத்துக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போக வேண்டும். கோடை வந்தால் வெள்ளைக்காரர் நல்ல வீட்டைப் பூட்டிப்போட்டு இதற்குள் போய்ப் படுப்பார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். இடம்பெயர்ந்து தரப்பாள் கூடாரத்துக்குள் படுத்து எழும்பியவளுக்கு அது இந்த ஜென்மத்தில் விளங்காது.

ஆனாலும் நாங்கள் ஒன்று வாங்கினோம். அதற்கு ஒரேயொரு காரணம்தான்: எங்கள் மகன்.

2

கஜன் ஹலிபாக்ஸில் இருக்கிறான். நாங்கள் இருக்கும் ஸ்காபரோவிலிருந்து இரண்டு நாள் ஓட்டம். அதுவும் எங்கள் திருகோணமலை மாதிரித் துறைமுகப் பட்டினம். படிக்கப் போனவன், அங்கேயே சஃப்னா என்ற பிள்ளையைக் கண்டு, கோர்ட்டில் கலியாணம் எழுதிவிட்டு எங்களுக்குப் படம் அனுப்பினான். சஃப்னா கிண்ணியாப் பிள்ளை. முஸ்லிம் பிள்ளை.

நான் படத்தை இவரிடம் நீட்டினேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர். சம்பூர் ஆள். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"கிண்ணியாவோ? எங்கட பக்கம்தானே," என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அவ்வளவுடன் முடியவில்லை. கிண்ணியா என்பதற்காக அல்ல. எங்களுக்குச் சொல்லாமல் செய்தானே என்ற மனவருத்தம். நாங்கள் மறுத்துவிடுவோம் என்று பயந்தானா, எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையா? அன்றிலிருந்து எங்கள் போன் கதைகள் சுருங்கிப் போயின. சாப்பிட்டியா, ஓம். வேலை எப்படி, பரவாயில்லை. குளிரா, ஓம் அம்மா. வைக்கட்டா?

பிள்ளை பிறந்த அன்று அவனே எடுத்தான். "அம்மா, ஆம்பிளைப் பிள்ளை" என்றான். நான் அழுதேன், அவனும் மூக்கை உறிஞ்சினான். உடனே வெளிக்கிடுகிறோம் என்று சொன்னேன்.

"இப்ப வேண்டாம் அம்மா. இங்க நீங்கள் தங்கிறதுக்கு இடமில்லை. பிறகு பாப்பம்."

போனை வைத்த பிறகு நான் குசினியில் அப்படியே நின்றேன். தாயும் தகப்பனும் தங்க ஒரு மூலை இல்லாத வீடு உலகத்தில் இருக்கிறதா? லிங்கநகரில் இரண்டு அறை வீட்டில் இடம்பெயர்ந்து வந்த பதினேழு பேர் படுத்தோமே. இடமில்லை என்கிறானா, வராதே என்கிறானா? இவரிடம் கேட்டேன்.

"இடமில்லை எண்டுதானே சொன்னவன்," என்றார் இவர். "வர வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

"இப்ப வேண்டாம் எண்டவன்!"

"இடமில்லாதபடியால இப்ப வேண்டாம் எண்டவன்."

இந்த மனிசனோடு கதைத்து வெல்ல ஏலாது. மூன்றாம் நாள் வந்து சொன்னார்: "நான் ஒரு ட்ரெயிலர் பாத்திருக்கிறன். இடத்தையும் கொண்டு போவம்."

பிளேனில் போய் ஹோட்டலில் தங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பிள்ளை பெற்ற உடம்புக்கு ஹோட்டல் அறையில் மஞ்சளும் மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி காய்ச்ச ஏலுமோ? சஃப்னாவின் உம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பக்கத்தில் பெண் என்று ஒருவரும் இல்லை. என்னதான் மனவருத்தம் இருந்தாலும், பிள்ளை பெற்றவள் பச்சைத் தண்ணீரில் கை வைத்துக்கொண்டு தனியே நிற்கிறாள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிந்தது. முப்பத்தோராம் நாளுக்கு முன்னம் போய்ச் சேர வேண்டும், பிள்ளைத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவை முறையாகச் செய்ய வேண்டும் என்று இருந்தேன்.

3

விற்ற வெள்ளைக்காரர் நல்ல மனிதர். முதலில் அவர் காட்டியது பிரேக்கைத்தான். எனக்கு அங்கேயே குழப்பம் தொடங்கிவிட்டது. இழுபடுகிற சாமானுக்குத் தனியாக ஏன் பிரேக்? சம்பூரில் எங்களிடம் இருந்த உழவு இயந்திரப் பெட்டிக்குப் பிரேக் என்று ஒன்றும் இருக்கவில்லை. இடம்பெயர்ந்த அன்று சட்டி பானை, நெல் மூட்டை, அதற்கு மேல் நித்திரை கொண்ட கஜன் என்று எல்லாவற்றையும் ஏற்றி, தோப்பூர்ப் பக்கம் இவர் அதைத்தானே ஓட்டிக்கொண்டு வந்தார்? நிற்க வேண்டும் என்று அன்றைக்கு யார் யோசித்தார்கள்?

இது கரண்ட் பிரேக்காம். முன்னால் நாங்கள் பிரேக்கை மிதித்தால் எங்கள் பிக்கப்பிலிருந்து வயர் வழியாகக் கரண்ட் போகும். சில்லுக்குள் இருக்கும் காந்தம் இழுக்கும். ட்ரெயிலரும் நிற்கும். அதற்கென்று பிக்கப்புக்குள் ஒரு சின்னப் பெட்டியும் பூட்டினோம். வீடு வரும்வரை பூப்போல வந்தது.

பிழை விட்டது அடுத்த நாள்தான்.

திருகோணமலையில் யார் புது வாகனம் எடுத்தாலும் முதலில் அம்மன் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். தேங்காய் உடைத்து, மாலை போட்டு, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசித்துக்கொண்டு புறப்படுவோம். சைக்கிளுக்கே செய்தவர்கள் நாங்கள். இரண்டு நாள் ஓட்டத்துக்குப் போகிற வாகனத்தைச் சும்மா விடுவேனா? இங்கே பிள்ளையார் கோயில் கார் தரிப்பிடத்துக்குக் கொண்டு போனோம்.

ஐயர் மாலையோடு வந்து ட்ரெயிலரை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதுக்கு முகம் எது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. முன் கண்ணாடி இல்லை, லைற் இல்லை, சிரிக்கிற மாதிரி ஒன்றுமே இல்லை. பிக்கப்போடு கொளுவும் இடம்தான் முன்பக்கம் என்று முடிவாயிற்று. அங்கே ஒரு இரும்புத் தண்டு நிமிர்ந்து நின்றது. பக்கத்தில், மறுநுனி பிக்கப்பில் கொளுவியபடி, ஒரு மெல்லிய கம்பிக் கயிறு தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மாலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். இவர் அந்தக் கம்பிக் கயிற்றை இழுத்துச் சுருட்டித் தண்டோடு சேர்த்துக் கட்டினார். அதன்மேல் செவ்வரத்தையும் செவ்வந்தியும் கலந்த தடித்த மாலை ஒன்று. அதன்மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம். பார்க்க வடிவாக இருந்தது. எலுமிச்சம்பழத்தை நசித்துக்கொண்டு கோயில் வாசலால் வெட்டித் திரும்பினோம்.

திரும்பிக் கொஞ்சத் தூரத்தில் பிக்கப் முனகத் தொடங்கியது.

4

வீடு வந்து சேர்ந்தபோது சில்லிலிருந்து ரப்பர் கருகிய மணம். இவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு "அம்மாடி!" என்று இழுத்துக்கொண்டார். பிரேக் பிடித்தபடியே இருக்கிறது. நாங்கள் மிதிக்கவேயில்லை.

நான் உடனே ரவிக்குப் போன் எடுத்து இவரிடம் கொடுத்தேன். அவன் ஓட்டோ வைத்திருப்பவன், வாகன விஷயம் எல்லாம் விரல் நுனியில் என்று சொல்லிக்கொள்பவன்.

"அத்தான், பிரேக் லைனுக்குள்ள காத்து நிண்டிருக்கும். எண்ணெயைத் திறந்துவிட்டு மிதிச்சு மிதிச்சுக் காத்தை எடுங்கோ."

"எண்ணெயே இல்லையடா இதில."

"எண்ணெய் இல்லாட்டிப் பிடிக்காதே அத்தான்!"

"பிடிக்குது. அதுதான் பிரச்சினை."

"அப்ப இது கண்ணூறு," என்றான் ரவி.

அடுத்த நாள் காலை இவர் ஜாக்கி அடித்துச் சில்லைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். சர்ரென்று சுற்றியது! சந்தோசப்பட்டுப் பிக்கப்பைக் கொளுவி ஸ்டார்ட் செய்தோம். பிறகும் இறுகிவிட்டது. கழற்றினோம். இரவு முழுக்க இறுகியே நின்றது. விடிந்து பார்த்தால் விட்டிருக்கிறது. ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. பிக்கப்புக்குள் இருந்த சின்னப் பெட்டி சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு பிழை காட்டியது. புத்தகத்தில் பார்த்தால் அதற்கு ஆறு காரணங்கள் போட்டிருந்தது. இவர் ஆறையும் பார்த்தார். வயரைச் சுரண்டினார், செருகியைத் துடைத்தார், சில்லைக் கழற்றிப் பூட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

இரவில் நான் விழித்துக் கிடந்து யோசித்தேன். போகக் கூடாது என்பதற்கான குறியா இது? நாங்கள் வருவதாகச் சொன்னபோது கஜன் "ம்" என்று மட்டும்தான் சொன்னான். அந்த "ம்" வாருங்கள் என்றதா, வந்து தொலையுங்கள் என்றதா? அதுவும் விளங்கவில்லை, பிரேக்கும் விளங்கவில்லை.

5

வீட்டுக்கு வந்து பார்க்கும் மெக்கானிக் ஒருவனைப் பிடித்தோம். அவனிடம் நான் "பிரேக் பிடிக்குது, பிடிக்குது" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, எதைப் பிடிக்கிறது என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு இவர் இரண்டு கையாலும் நடித்துக் காட்டினார். அவன் வந்தது காலை நேரம். சில்லு சர்ரென்று சுற்றியது. தன்னுடைய சோதனைப் பெட்டியைக் கொளுவிப் பார்த்தான். பிடிக்கச் சொன்னால் பிடித்தது, விடச் சொன்னால் விட்டது. "நல்லாத்தானே இருக்கு, உங்கட ட்ரெயிலர் பற்றரிதான் செத்துப்போச்சு" என்று சொன்னான். எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

போகிறதுக்கு முன்னம் அவன் முன்பக்கம் குனிந்து, வாடத் தொடங்கியிருந்த மாலையைக் காட்டி, இதைக் கொஞ்சம் அகற்றட்டுமா என்று கேட்டான்.

நான் பதறிப்போனேன். பூசையில் போட்ட மாலை தானாக விழும்வரை யாராவது கை வைப்பார்களா? அதுவும் பயணம் தொடங்கவே முன்னம்? "நோ நோ! கடவுளின்ர!" என்று குறுக்கே போய் நின்றேன். அவன் இரண்டு கையையும் தூக்கி, மன்னிப்புக் கேட்டு, பின்வாங்கினான். நல்ல மரியாதையான ஆள். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

இவர் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டினார். அதோடு வந்தது வினை. ட்ரெயிலர் கல்லாகச் சமைந்துவிட்டது. முந்தி விடிந்தால் விடும். இப்போது காலையும் இல்லை, மாலையும் இல்லை, எந்நேரமும் இறுக்கம். பிக்கப்பால் இழுத்துப் பார்த்தார். சில்லு சுற்றாமல் தேய்ந்து, வாசலில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது.

அந்தக் கிழமையே நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. வீட்டு முன்பக்கத்தில் ட்ரெயிலரை இத்தனை நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாதாம். யாரோ அயலவர் சொல்லியிருக்கிறார். நான் போன் எடுத்தேன். ஒன்றை அழுத்து, நாலை அழுத்து, பாட்டுக் கேள், பிறகு ஒரு பெண்.

"அது அசையாது," என்றேன்.

"அப்படியென்றால் அதை அசைத்துவிடுங்கள்," என்றாள்.



6

முப்பத்தோராம் நாள் வந்தது. நாங்கள் இன்னும் ஸ்காபரோவில்.

நான் குளித்து, விளக்கேற்றி, கொஞ்சம் பச்சையரிசிப் புக்கை பொங்கி, பேரனின் படத்தைப் போனில் திறந்து சாமி அலுமாரிக்கு முன்னால் வைத்தேன். கஜனுக்கு எடுத்தேன். எடுக்கவில்லை. மறுபடி எடுத்தேன். எடுக்கவில்லை. எனக்குள் ஏதோ அறுந்தது.

வெளியே போனேன். கால் செருப்புக்கூடப் போடவில்லை. ட்ரெயிலருக்கு முன்னால் நின்று, பிள்ளையாரைக் கண்டபடி ஏசினேன். "உனக்கு மாலை என்னத்துக்குப் போட்டது? போகத்தானே? இஞ்ச கிடந்து அழுகவோ? என்ர பிள்ளை என்னை வேண்டாம் எண்டிட்டான், இனி நீயும் சொல்லு!" பக்கத்து வீட்டு யன்னல் திரை அசைந்தது. பார்க்கட்டும். இரண்டு கையாலும் மாலையைப் பிடித்து இழுத்தேன். சருகாகக் கொட்டியது. சரம் அறுந்து, எலுமிச்சம்பழம் உருண்டு போனது. இவர் கட்டிய முடிச்சும் அவிழ்ந்து, அந்த மெல்லிய கம்பிக் கயிறு என் கையோடு வந்தது. அதன் நுனியில் பெருவிரல் அளவு பிளாஸ்டிக் ஆணி ஒன்று தொங்கியது.

சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார். "இது என்ன?" என்று அதை நீட்டினேன்.

இவர் பார்த்தார். குனிந்தார். மாலை மறைத்திருந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் ஓர் ஓட்டை. பக்கத்தில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் படம் போட்டே விளக்கியிருந்தது. ஓடும்போது ட்ரெயிலர் தப்பித் தவறிக் கழன்று போனால், இந்தக் கம்பிக் கயிறு இழுபட்டு ஆணி வெளியே வரும். வந்தவுடன் ட்ரெயிலர் தன் பற்றரியிலிருந்து தானே பிரேக்கைப் பிடித்து நின்றுவிடும். ஆபத்துக்கு வைத்த ஏற்பாடு. நாங்கள் கயிற்றைச் சுருட்டிக் கட்டியதால், கோயில் வாசலில் வெட்டித் திரும்பியபோது நீளம் எட்டாமல் இழுபட்டு ஆணி கழன்றிருக்கிறது. அன்றிலிருந்து பற்றரியில் உயிர் இருக்கும் நேரமெல்லாம் அது பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறது. பற்றரி இறங்கினால் விடும், பிக்கப் ஓடிச் சார்ஜ் ஏற்றினால் பிறகும் பிடிக்கும். நாங்கள் புதுப் பற்றரி வேறு வாங்கிக் கொடுத்தோம்!

இவர் ஆணியை ஓட்டைக்குள் அழுத்தினார். டிக். ஜாக்கி அடித்துச் சில்லைச் சுற்றினார். சுற்றியது. நிறுத்தினார். மறுபடி சுற்றினார். பிறகு நிலத்தில் குந்தியிருந்து சிரிக்கத் தொடங்கினார், கண்ணீர் வருமட்டும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "முப்பத்தொண்டும் போச்சுது," என்றேன்.

"அவையின்ர கணக்கு நாப்பது," என்றார் இவர். "கிண்ணியாவில நாப்பதுக்குத்தான் தலை முழுக்கு. இன்னும் நாள் கிடக்கு."

"அவையின்ர கணக்கு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பக்கத்துச் சனம். எனக்குத் தெரியாதோ? எழும்பு, சரக்குத் தூளை எடுத்து வை."

7

ஹலிபாக்ஸிலும் தெருவில் ட்ரெயிலர் நிறுத்தக் கூடாது என்று சட்டம். பட்டினத்துக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் ட்ரெயிலர்களுக்கென்று இருக்கும் ஒரு வளவில் நிறுத்திவிட்டுப் பிக்கப்பில் கஜன் வீட்டுக்குப் போனோம். சொல்ல வேண்டியதெல்லாம் வழிநெடுக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தாயை வேண்டாம் என்று சொல்கிற பிள்ளைக்கு எப்படிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அவன் வந்து பக்கத்துக் கதவால் படியிறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். நிலத்துக்குக் கீழே ஒரே ஒரு அறை. கட்டில் ஒன்று. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் பிள்ளையின் தொட்டில். கதவைத் திறந்தால் தொட்டிலில் இடிக்கும், ஆகையால் பாதிதான் திறந்தது. ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனோம். சஃப்னா சுவரோடு ஒட்டி எழும்பி நின்றாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்து. முக்காட்டைச் சரிசெய்தாள்.

"மாமி, மாமா, வாங்க. இரிக்கச் சொல்ல ஒரு கதிரைதான் இரிக்கு," என்றாள்.

கஜன் வேலை செய்த இடத்தில் ஆட்களைக் குறைத்துவிட்டார்களாம். முந்தி இருந்த வீட்டை விட்டு இங்கே வந்திருக்கிறார்கள். எங்களுக்குச் சொல்லவில்லை. "நான் பொய் சொல்லேல்லை அம்மா," என்றான் அவன், நிலத்தைப் பார்த்தபடி. மனப்பாடம் செய்ததில் ஒரு சொல்லும் எனக்கு வரவில்லை. இவர்தான் கதைத்தார்.

"உடுப்பை எடுங்கோ. பிள்ளையின்ர சாமானையும் எடுங்கோ. வெளிக்கிடுவம்."

ட்ரெயிலருக்குள் வந்ததும் சரக்குக் கறி காய்ச்சினேன். சஃப்னா மேசையில் இருந்து இரண்டு தரம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். இவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். கஜன் என்னையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"எத்தினை நாள் நிப்பீங்கள்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். வந்து ஒரு நேரச் சாப்பாடு முடியவில்லை. எப்போது போவீர்கள் என்கிறானா? இத்தனை தூரம் வந்த பிறகும் இந்தப் பிள்ளையின் மனம் எனக்குப் பிடிபடவில்லையே. நாளைக்கே போகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நான்தான் கேக்கச் சொன்ன, மாமி," என்றாள் சஃப்னா. சோற்றுக் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கேக்கப் பயம். உம்மாக்கு வர ஏலாமப் போச்சு. இவர் வேலை தேடி வெளியே போனா, புள்ளய ஆருட்டயும் குடுத்திட்டு நான் ஒழுங்காக் குளிச்சே எத்தினையோ நாளாச்சு. நாப்பது மட்டுமாவது நிப்பீங்களா?"

நான் கஜனைப் பார்த்தேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

இவர் எழும்பினார். பேரனை என் கையில் தந்துவிட்டு வெளியே இறங்கிப் போனார். சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை வைத்து அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ட்ரெயிலரின் மூலைக்கால்கள் நாலையும் நிலத்தில் முட்ட இறக்கும் சத்தம். திரும்பி வந்து கையைக் கழுவினார்.

"நாப்பதென்ன," என்றார். "நீங்கள் போகச் சொல்லுமட்டும் இது இனி அசையாது."

சஃப்னா துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிள்ளை என் மடியில் நித்திரையாகிவிட்டது.